தும்பாவுக்குத் தோல் மாற்றக் கொடுக்கும் முன்

சேலம் பக்கத்துத் தாளவாத்தியக்காரர்கள் கவனத்துக்கு. போன ஏப்ரலில் டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் 7,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே நடந்த வேலை வேறு எங்கேயும் நடக்கலாம், அதனால் அதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது மரத்தில் செய்த, கையால் தட்டி வாசிக்கிற மூன்று டிரம்கள். லைட் மியூசிக் மேடையில் மொத்தத்தையும் தும்பா என்றே சொல்லிவிடுவோம். உண்மையில் பெரியதுதான் தும்பா, நடுவில் இருப்பது கொங்கா, சின்னது கின்ட்டோ. நான் வலக்கைக்காரன். கொங்காவை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, தும்பாவை வலப்பக்கமும் கின்ட்டோவை இடப்பக்கமும் போட்டுக்கொள்வேன். கொங்காவை ச என்று வைத்தால் தும்பா கீழே ப, கின்ட்டோ மேலே க. கீபோர்டில் ஜி, சி, ஈ. ஆளுக்கு ஆள் இது மாறும், எனக்கு இது பழகிவிட்டது.

அந்தக் கொங்காவின் தோல்தான் கிழிந்திருந்தது. கடைக்காரர் எருமைத்தோல் போட்டுத் தருவதாகச் சொல்லி 3,000 முன்பணம் வாங்கினார். ஐந்து நாள் கழித்து மத்தியானம் போனேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. டிரம்மின் தலைமாட்டில் ஒரு ஹாலஜன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "ஈரம் போகட்டும்னு வெச்சேன் தம்பி" என்றார். தட்டினேன், கணீரென்று பேசியது. "மூணுக்கும் சேர்த்து ஃப்ரீயா சுருதி வெச்சிட்டேன்" என்று வேறு சொன்னார். கொங்காவும் கின்ட்டோவும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருந்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டில் போய் இறக்கிக்கொள்ளலாம் என்று மிச்சம் 4,500-ஐ ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்தேன்.

சூடு காட்டுவதைத் தப்பென்று சொல்லவில்லை. பறையைத் தீயில் காய்ச்சி அடிக்கிற ஊர்க்காரர்கள் நாம். கியூபாவிலும் தோலை ஆணியடித்து, நெருப்பில் வாட்டித்தான் கொங்காவுக்குச் சுருதி ஏற்றினார்கள். போல்ட்டை முறுக்கி, தோலைப் பிடித்திருக்கும் மேல்வளையத்தைக் கீழே இழுக்கும் முறை பிற்பாடு வந்தது. ஆனால் சூட்டில் ஏறிய சுருதி சூடு போனால் இறங்கிவிடும். போல்ட்டில் ஏற்றியதுதான் நிற்கும்.

மே மாதம் ஏற்காட்டில் ஒரு ரிசப்ஷன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வேனிலிருந்து சாமான்களை இறக்கும்போதே பனிமூட்டம் வந்துவிட்டது. ஈரக்காற்றில் தோல் தளரும், அது தெரிந்த விஷயம்தான். கின்ட்டோவும் தும்பாவும் கொஞ்சம் இறங்கியிருந்தன, ஒவ்வொரு போல்ட்டிலும் கால் சுற்று கொடுத்ததும் சரியாகிவிட்டன. கொங்காவைத் தட்டினால் 'தொப்' என்றது. நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி.

ஸ்பேனரைப் போட்ட பிறகுதான் கவனித்தேன். மேல்வளையம் கீழே வெகுதூரம் இறங்கி இருந்தது. புதுத்தோல் போட்ட டிரம்மில் வளையம் இன்னும் இறங்குவதற்கு நிறைய இடம் மிச்சம் இருக்க வேண்டும். இதில் ஐந்து போல்ட்டில் இரண்டுக்கு மரையே மீதி இல்லை. மற்ற மூன்றையும் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்கினேன், சாமி சத்தியமாக. 'டப்' என்று ஒரு சத்தம். வார்னிஷ் உதிர்ந்து, மரத்துண்டுகள் ஒட்டிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்தது. உள்ளேயிருந்து மரத்தூளும் பசையும் பிசைந்த பட்டி கொட்டியது. ஏற்கெனவே இருந்த விரிசலில் அதைப் பூசி மறைத்திருக்கிறார்கள்.

அன்று நடுவில் ச இல்லாமல் ப-வையும் க-வையும் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். கீபோர்டு வாசிக்கிற நண்பர் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தோலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பின்னால் இருந்த விரல்களின் நிழல் தெரிந்தது. எருமைத்தோலில் அப்படித் தெரிய வாய்ப்பே இல்லை. ஜெம்பே என்கிற ஆப்பிரிக்க டிரம்முக்குப் போடுகிற ஆட்டுத்தோல் அது. கனமில்லாத தோலைக் கனத்த தோல்போலப் பேசவைக்கத்தான் அவ்வளவு இழுப்பும், அந்த விளக்கும்.

கடைக்குப் போய்க் காட்டினேன். "பழைய மரம் தம்பி, நீங்க ஓவரா முறுக்கிட்டீங்க. மலைக்குக் கொண்டுபோனா அப்படித்தான்" என்றார். "அப்போ தோல்?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கல்லாவைத் திறந்து 1,000 ரூபாய் நீட்டினார். வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் கொடுக்கும்போது, ஊறவைக்கும் முன்பே தோலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஊறிய பிறகு வித்தியாசம் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. டிரம்மைக் கொடுக்கும் அன்று கவிழ்த்து, அடிவாய் வழியாகச் செல்போன் டார்ச் அடித்து உள்பக்கத்தை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போதும் அதையே செய்யுங்கள். வெளியே எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் உள்ளே விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். நான் இதைச் செய்யவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி, ஒரு ராத்திரி அப்படியே வைத்து, காலையில் ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் தட்டிப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். "அவ்வளவு நேரம் முடியாது" என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். போல்ட்டில் மரை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கொங்கா இப்போது அம்மாபேட்டையில் கட்டில், பீரோ செய்கிற ஓர் ஆசாரியிடம் இருக்கிறது. பிளந்த இடத்தில் பசை விட்டு, மூன்று இடத்தில் பெல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார். கூலி 600 சொன்னார். தோல் நான் வாங்கித் தர வேண்டும் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்.