காரைக்குடியில் வாடகைக்கு எடுத்த டீசல் ஜெனரேட்டர்

எங்கள் வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்காக (அறுபதாம் கல்யாணம்) காரைக்குடிக் கடையொன்றில் ஜெனரேட்டர் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். சொன்ன நேரத்துக்கு வந்தது. புகைபோக்கி முகப்பை நோக்கியிருந்ததைக் கண்டதும், அங்கே ஆச்சிமார் அமர்ந்திருப்பதை நாங்கள் சொல்வதற்கு முன்பே, இயக்க வந்தவர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அந்தப் பொறுப்புணர்வை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை இயந்திரத்தின் அளவில்தான். எங்கள் தேவை ஏறத்தாழ 15 கிலோவாட் என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தும் 62.5 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனளவு; சுமார் 50 கிலோவாட்) இயந்திரத்தையே அனுப்பினார்கள். திறனுக்கு மிகக் குறைந்த சுமையில் ஓடும் இயந்திரம் யூனிட்டுக்குக் கூடுதல் எண்ணெய் குடிக்கும். 10 மணி நேரத்தில் 60 லிட்டர் தீர்ந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால், அதிலுள்ள கரிமம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, எண்ணெயின் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக, சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அப்படியானால் அன்று மட்டும் 160 கிலோ; யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல். மதுரைக்கு அருகே சமயநல்லூரில் 2001-இல் எண்ணெயால் இயங்கத் தொடங்கிய 106 மெகாவாட் நிலையத்தைப் போன்றவற்றின் பெரிய இயந்திரங்கள்கூட ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு எண்ணெயைச் செலவிடுவதில்லை.

இக்கடையை நாடுவோர் 25 கேவிஏ இயந்திரத்தை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.