பழைய மாருதி 800 சூடாகிறதா? ஃபேனா, ரேடியேட்டரா, கேஸ்கெட்டா

மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றது. இன்றும் அதை ஆசையாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் லேசில் படுக்காது. அதற்கு ஆகவே ஆகாதது அதிகச் சூடுதான். எஞ்சினின் மேல் பாகமான ஹெட் அலுமினியம், ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம்.

டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறது என்று சொன்னதும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பதில்கள் வரும். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம் சார்" என்பது ஒன்று (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு அது). "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கணும்" என்பது இன்னொன்று (ஹெட்டுக்கும் கீழே உள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல் அது). முதலாவது மலிவு, இரண்டாவது பெரிய செலவு. எதற்கும் தலையாட்டும் முன், வண்டி எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், சூடேறியதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ ஸ்விட்ச், ஒயரிங் என்று தேடலாம். சுற்றாவிட்டால் மோட்டாரை மாற்ற வேண்டியதுதான்.

பைபாஸில் வேகமாகப் போகும்போதோ மேடு ஏறும்போதோ சூடானால் கதை வேறு. அங்கே காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றும் இங்கே சந்தேகத்துக்குரியவை. முள் மேலே இருந்தும், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மேல் ஹோஸ் கொதித்து, ரேடியேட்டரில் அங்கங்கே மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் அடைப்பு. வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் அடைப்பின் மேல்தான். வீட்டுப் பாத்திரத்தில் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. பம்ப் என்றால் புல்லிக்குக் கீழே ஒழுகல், தளர்ந்த பெல்ட், கரகர சத்தம் என்று ஏதாவது ஒன்று காட்டிக் கொடுக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வைத்தியம். அது திறக்காமல் சிக்கியிருந்தால் சூடு குறையும், உண்மைதான். ஆனால் அதன் பிறகு எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும்; பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். கோளாறு ஃபேனில் இருந்தால் அதே சிக்னலில் மறுபடி கொதிக்கும். கழற்றியதை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். கொதிநிலைக்கு முன்பே திறக்காவிட்டால் புதிதாக வாங்கிப் போடுங்கள், பெரிய விலை இல்லை.

ரேடியேட்டர் மூடியையும் சும்மா விடக்கூடாது. சுமார் ஒரு பார் அழுத்தத்தை அது பிடித்து வைத்தால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120-ஐ நெருங்க வேண்டும். ரப்பர் போன மூடி அந்தப் பாதுகாப்பை அப்படியே பறித்துவிடும். சூடான எஞ்சினில் மட்டும் அதைத் திறக்கவே கூடாது. பீய்ச்சி அடிக்கும் நீராவி முகத்தையே பதம் பார்த்துவிடும்.

சரி, கேஸ்கெட்டை எப்போது சந்தேகிக்கலாம்? வெளியே சொட்டு ஒழுகல் இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போவது, ஆயில் பால் கலந்ததுபோல் ஆவது, சூடேறிய பிறகும் சைலென்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது. காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருப்பதும் வலுவான அடையாளம். உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை இருக்கிறது: ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதில் செலுத்தினால், எரிந்த புகை கலந்திருக்கும்போது திரவம் மஞ்சளாகும். இதைச் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். இறக்கியே ஆக வேண்டும் என்றால் வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூட விடாமல், லேத்தில் ஹெட்டின் சமதளத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டின் மேல் புது கேஸ்கெட்டும் நிற்காது.