ஃபிகோ டீசல், 2 லட்சம் கி.மீ.: டைமிங் பெல்ட்டுக்கு இதுவரை ஆன செலவு

என்னிடம் இருப்பது 2012 மாடல் ஃபோர்டு ஃபிகோ, 1.4 டீசல். வீடு மதுரை திருநகரில். வேலை தேனிப் பக்கம் என்பதால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் வழியாகத்தான் வண்டியின் பெரும்பாலான ஓட்டம். ஓடோமீட்டர் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மைலேஜும் இழுவையும் இன்றைக்கும் குறை சொல்ல முடியாதபடி இருக்கின்றன. பழைய டீசல் கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: டைமிங் பெல்ட் மாற்ற எவ்வளவு ஆகும்? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் அது. இந்த வண்டியில் அந்த வேலை மூன்று முறை நடந்திருப்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் முறை 2017-ல், 90,000 கி.மீ. வாக்கில். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது வழுவாமல் ஓட உதவும் ஐட்லர் உருளை மூன்றும் மாற்றி, லேபர், வரி எல்லாம் சேர்த்து ரூ.11,000 சொச்சம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, வீண் செலவு என்று சொல்லி அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

1,25,000 கி.மீ. வந்தபோது அந்தப் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. கணவாய் ஏறும்போது வெப்பமானி முள் வழக்கத்தைவிட மேலே போனது. ஓரங்கட்டிப் பார்த்தால் கூலன்ட் பாட்டிலில் அளவு பாதிக்கும் கீழே. இந்த எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்பைத் தொட வேண்டுமென்றால் வலது முன் சக்கரம், உள்பக்க மட்கார்டு, எஞ்சின் மவுண்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்று அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும். கூலன்ட் பட்டு ஊறிய பெல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. ஆக பெல்ட் புதிது, பம்ப் புதிது, லேபர் இன்னொரு தடவை. அந்த முறை ரூ.12,000. இரண்டே வருட இடைவெளியில் ஒரே இடத்தைத் திறந்து மூட ரூ.23,000 போய்விட்டது. ஆயிரத்துச் சொச்ச ரூபாய் பம்பை முதலிலேயே மாற்றியிருந்தால் இதில் பாதி மிச்சம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மூன்றாவது முறை போன வருடம். இந்தத் தடவை பழங்காநத்தம் பக்கம் ஒரு தனிப் பட்டறை. அந்த மெக்கானிக் தம்பியிடம் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. விலை பேசுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து லாக்கிங் பின்களை எடுத்துக் காட்டினார். ஃபிளைவீலில் ஒன்று, கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்று குத்தி, எஞ்சின் அசையாமல் பூட்டிவிட்டுத்தான் பெல்ட்டை எடுக்க வேண்டும். பின் போடாமல், பெயின்ட்டால் புள்ளி வைத்துக்கொண்டு மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பழகிய கைக்கு அது சரியாகவே வரலாம், ஆனாலும் டீசல் எஞ்சினை நான் அப்படிக் கொடுக்க மாட்டேன்.

பில் இது: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் அடங்கிய கிட் ரூ.6,400. வாட்டர் பம்ப் ரூ.2,350. கேம், கிராங்க் ஆயில் சீல்கள் ரூ.600. வெளிப்பக்க ஃபேன் பெல்ட் ரூ.850. கூலன்ட் ரூ.700. லேபர் ரூ.3,200. மொத்தம் ரூ.14,100. இதே வேலைக்கு வேறோர் இடத்தில் ரூ.21,000 கேட்டார்கள். அந்த எஸ்டிமேட்டில் சீல் இல்லை, "பம்ப் தேவைப்பட்டால்" என்று மட்டும் போட்டிருந்தது. நீங்கள் விசாரிக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், என்னென்ன அதில் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். பெல்ட் மட்டும் என்றால் எங்கும் மலிவாகத்தான் தெரியும்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும், இனி சாமான் கிடைக்குமா என்று பலரும் பயந்தார்கள். இந்த 1.4 எஞ்சின் ஃபோர்டும் பிரெஞ்சு பியூஜோ சிட்ரோயன் குழுமமும் சேர்ந்து உருவாக்கியது. வெளிநாடுகளில் பல மாடல்களில் ஓடியதால் கேட்ஸ், டேகோ, எஸ்.கே.எஃப். போன்ற உதிரிபாக நிறுவனங்கள் இதற்குக் கிட் போடுகின்றன. கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி எஞ்சின் நம்பர் பார்த்து வாங்குங்கள். ஃபிகோவில் பெட்ரோலும் உண்டு, 2015-க்குப் பிறகு வந்தது வேறு எஞ்சின். பல் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் மாட்டாது.

கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் புதிது மாதிரிதான் இருந்தது. விரலால் பின்பக்கமாக மடக்கியதும் பல்லின் அடியில் மயிரிழை போல வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. 80,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, ஆனால் ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மதுரை வெயிலில் பானட்டுக்குள் வேகும் ரப்பருக்கு கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, வருடமும் பார்க்கத்தான் வேண்டும். குறைவாக ஓட்டுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

மாட்டி முடித்ததும் அந்தத் தம்பி சாவியைத் தொடவே இல்லை. ஸ்பானர் போட்டு கிராங்க்கைக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றினார். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒன்று சுற்றும். அப்புறம் பின்களை மறுபடி குத்தினார், இரண்டும் தட்டாமல் உள்ளே போயின. "இப்பதான்ணே ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். டைமிங் ஒரு பல் தப்பியிருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் ஒருவருடைய டீசல் காரில் பார்த்தோம். ஓடும்போது எஞ்சின் பட்டென்று நின்றுவிட்டது. கேம் நின்றுபோய் கிராங்க் மட்டும் சுற்றியதில் திறந்திருந்த வால்வுகளில் பிஸ்டன் மோதி, ராக்கர்கள் உடைந்து, வால்வு வளைந்து, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பி, ரூ.60,000-ஐ நெருங்கியது. டைமிங் பெல்ட் பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்காது.

எல்லாக் காருக்கும் இந்தச் செலவு இல்லை. ஸ்விஃப்ட் 1.3 டீசலில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ ஆகியவற்றில் பெல்ட்தான், ஆனால் சின்ன பெட்ரோல் எஞ்சின் என்பதால் செலவு இதைவிட நன்றாகக் குறையும். எக்கோஸ்போர்ட் 1.0 எக்கோபூஸ்ட்டில் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அதில் சொன்ன கிரேடு ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. பழைய கார் வாங்குகிறவர்கள் பெல்ட் மாற்றியதற்கு பில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

மாற்றிய பிறகு கணவாயில் முள் நடுவிலேயே நிற்கிறது, கூலன்ட் அளவும் இறங்கவில்லை. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பானட்டுக்குள் ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்தது 2,80,000 கி.மீ. அல்லது ஆறு வருடம், எது முந்துகிறதோ அப்போது. பம்பும் சேர்த்துத்தான்.