பழைய கெல்வினேட்டருக்கு "புது" கம்ப்ரெசர்: ரூ.9,500 போச்சு, நீங்க மாட்டிக்காதீங்க

ரூ.9,500 போச்சு. கூடவே ஃபிரிட்ஜோட ஒரிஜினல் கம்ப்ரெசரும் போச்சு. பணத்தைவிட அந்த ரெண்டாவதுதான் வயிறு எரியுது. மதுரையில் பழைய ஃபிரிட்ஜ் வச்சிருக்கிறவங்க யாரும் இதே மாதிரி மாட்டக் கூடாதுன்னுதான் சூட்டோட சூடா எழுதுறேன். ஆளை அனுப்பின ரிப்பேர் ஆப் பேரைப் போடல. ஏசி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாத்துக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்புறோம்னு விளம்பரம் பண்ற ரகம். என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில் விவரமா சொல்றேன்.

ஃபிரிட்ஜ் 165 லிட்டர் கெல்வினேட்டர், சிங்கிள் டோர், அப்பா 1986ல் வாங்கினது. தகடு பாடி, அலுமினியம் ஃபிரீசர் பெட்டி, சாவி போட்டுப் பூட்டுற கதவு. அம்மா இன்னைக்கும் இட்லி மாவை அதுலதான் வைப்பாங்க. "புதுசு வாங்க வேண்டியதுதானே"ன்னு கமென்ட்ல யாரும் ஆரம்பிக்காதீங்க. எங்களுக்கு இதுதான் வேணும்.

திடீர்னு ஸ்டார்ட் ஆகல. 'உம்ம்'னு ஒரு முனகல், சில விநாடியில 'டக்', அப்புறம் சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அதே முனகல், அதே டக். பக்கத்துக் கடைகள்ல கேட்டா, வந்து பார்க்கக்கூட இல்லாம "தூக்கி எடைக்குப் போடுங்க சார்"னாங்க. அதனாலதான் ஆப்ல புக் பண்ணினேன்.

வந்த பையன் வாசல்லயே செருப்பைக் கழட்டினான். ஃபிரிட்ஜ் கதவைத் தடவிப் பார்த்துட்டு, "அண்ணே, இந்த பாடியெல்லாம் இப்ப காசு கொடுத்தாலும் கிடைக்காது. எக்ஸ்சேஞ்சுல மட்டும் தள்ளிராதீங்க"ன்னான். அம்மா பக்கம் திரும்பி, "இன்னும் இருபது வருஷம் ஓடும்மா, நான் பொறுப்பு"ன்னு சொன்னான். எல்லாரும் குப்பைன்னு சொன்ன பொருளை ஒருத்தன் மரியாதையா பேசுறான். அம்மா முகம் மலர்ந்து போய் காபி போட உள்ளே போனாங்க. அந்த இடத்துலதான் எங்க நம்பிக்கையை அவன் வாங்கினான். இவனுங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கிறதைவிட இந்தப் பேச்சுதான் தொழில்னு இப்ப தெரியுது.

வயர்ல கிளாம்ப் மீட்டரை மாட்டினான். "கரண்ட் ஏகத்துக்கு இழுக்குது, கம்ப்ரெசர் ஜாம்" அவ்வளவுதான் தீர்ப்பு. கம்ப்ரெசரை ஸ்டார்ட் பண்ணி விடுற ரிலேயைக் கழட்டல, கம்ப்ரெசரோட மூணு கரண்ட் பின்னையும் மீட்டர்ல பார்க்கல. கம்ப்ரெசர் 6,500, கேஸும் ஃபில்டரும் சேர்த்து 2,200, கூலி 800. மொத்தம் ரூ.9,500. "ஆப் வழியா போனா ஜிஎஸ்டி, கமிஷன்னு ஏறிரும்ணே, எனக்கு நேரா அனுப்புங்க, ஒரு வருஷ வாரண்டி எழுதித் தர்றேன்"னு சொல்லி யுபிஐ-ல வாங்கினான்.

மறுநாள் பளபளன்னு ஒரு அட்டைப்பெட்டியோட வந்தான். குழாய்க்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் பம்ப் கொண்டு வரல. கம்ப்ரெசரையே ஓட்டி, கொஞ்சம் கேஸை விட்டுக் காத்தை வெளியே தள்ளி, சார்ஜ் பண்ணி மூடிட்டான். ஃபிரீசர்ல பனி பிடிச்சதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். போகும்போது பழைய கம்ப்ரெசரை, "கம்பெனிக்குத் திருப்பிக் காட்டணும்ணே"ன்னு தூக்கிட்டான். அட்டைப்பெட்டியையும் விட்டு வைக்கல.

ஒரு வாரம்கூட முழுசா ஓடல. முதல்ல கூலிங் குறைஞ்சுது, அப்புறம் கம்ப்ரெசர் கொதிச்சுது, அப்புறம் பழையபடி 'டக்'. மாவு பூரா புளிச்சுப் பொங்கி ஊத்திருச்சு.

ஃபோன் பண்ணினா "லோ வோல்டேஜ்ணே, ஸ்டெபிலைசர் வாங்குங்க"ன்னான். ஸ்டெபிலைசர் ஏற்கெனவே இருக்குன்னேன். "ஊருக்கு வந்திருக்கேன், திங்கக்கிழமை வர்றேன்." திங்கக்கிழமை "பழைய ஃபிரிட்ஜ்ணே, அப்படித்தான் இருக்கும்"னான். இருபது வருஷம் ஓடும்னு அம்மாகிட்ட சொன்ன அதே வாய்! அதுக்கப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டான். ஆப் சாட்ல "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு திரும்பத் திரும்ப ஒரே வரி. கடைசியா பேசக் கிடைச்ச அம்மணி, "எங்க கணக்குல பரிசோதனைக் கட்டணம் மட்டும்தான் சார் வந்திருக்கு, மத்தது உங்களுக்கும் டெக்னீஷியனுக்கும் உள்ள விஷயம்"னு வச்சுட்டாங்க. ஆளை அனுப்பினது நீங்க, சட்டையில இருக்கிறது உங்க பேரு, ரூ.9,500 போனது மட்டும் எங்க விஷயமா?

பிறகு தெரிஞ்சவர் மூலமா ஒரு பெரியவர் வந்தார், இதே தொழில்ல தலை நரைச்சவர். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டே "தம்பி, இது புதுசு இல்ல"ன்னார். கம்பெனித் தகடு இருக்க வேண்டிய இடத்துல சுரண்டின தடம், அதுக்கு மேல கறுப்பு ஸ்பிரே பெயின்ட். குழாய்ல ஏற்கெனவே ஒட்டின பழைய வெல்டிங்கும் அப்படியே இருந்துச்சு. பில்லுல போட்ட ஃபில்டரை மாத்தவே இல்ல. சிஸ்டத்தைத் திறந்தாலே ஃபில்டரை மாத்தணுமாம். வேக்குவம் போடாததால உள்ளே தங்கின ஈரம் கேப்பிலரிங்கிற மெல்லிய குழாயோட முனையில உறைஞ்சு அடைச்சுக்கும்னார்.

கேஸ் கதை இன்னும் மோசம். 1986 ஃபிரிட்ஜுல இருந்தது ஆர்-12ங்கிற கூலிங் கேஸ். ஓசோனைக் கெடுக்கிற கேஸ்னு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010லிருந்து நம்மள மாதிரி நாடுகளிலும் நிறுத்தியாச்சு. அதுக்குப் பதிலா ஆர்-134ஏ போடலாம், ஆனா அதுக்கு எண்ணெய் வேற. காயில்ல தங்கின பழைய மினரல் ஆயிலோட அந்த கேஸ் கலக்காது, எண்ணெய் கம்ப்ரெசருக்குத் திரும்பாது. நைட்ரஜன் விட்டு சுத்தமா ஃபிளஷ் பண்ணித்தான் மாத்தணும். இவன் எதுவும் பண்ணாம பழைய எண்ணெய் மேலயே கேஸை ஏத்திட்டான்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்க விடல: "பழைய கம்ப்ரெசர் எங்க?" முனகிட்டு 'டக்'னு நிக்கிறதும் கரண்ட் அதிகமா இழுக்கிறதும் ரிலே போனாலும் வருமாம். ரிலேயும், சூடானா கரண்டை வெட்டிவிடுற ஓவர்லோடும் சில நூறு ரூபாய் சாமான். எங்க கம்ப்ரெசர் நிஜமாவே செத்துச்சா, நல்லா இருந்ததைத்தான் அவன் தூக்கிட்டுப் போனானா? இனி யாராலயும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல ஓடின ஒரிஜினல் அது!

விவரமா எழுதணும்னு நினைச்சேன், இருக்கிற கோபத்துல முடியல. முக்கியமானது மட்டும். பழைய கம்ப்ரெசரை வீட்டை விட்டு அனுப்பாதீங்க, காசு கேட்டாலும் கொடுக்காதீங்க. முதல்ல ரிலேயை மாத்திப் பார்க்கச் சொல்லுங்க. பின்களை மீட்டர்ல உங்க கண் முன்னாடி அளக்கணும், பாடிக்கு எர்த் அடிக்குதான்னும், அதாவது கரண்ட் கசியுதான்னும் பார்க்கணும். புது கம்ப்ரெசர்னா குழாய்கள்ல ரப்பர் மூடி இருக்கும், தகட்டுல சீரியல் நம்பர் இருக்கும். ஃபோட்டோ எடுங்க, பெட்டியை வாங்கி வையுங்க. வேக்குவம் பம்ப் இல்லாம வர்றவனை வாசலோட அனுப்புங்க. ஆப்ல புக் பண்ணினா ஆப்லயே பணம் கட்டுங்க, தனியா கேட்டாலே சந்தேகப்படுங்க.

யுபிஐ ரசீது, அவன் எழுதிக் கொடுத்த வாரண்டித் துண்டு, சுரண்டின தகட்டோட ஃபோட்டோ எல்லாத்தையும் வச்சு 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் கொடுத்திருக்கேன். அங்கே நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. ரூ.9,500-ஐ விடப் போறதில்ல. மதுரையில் இதே மாதிரி கறுப்பு பெயின்ட் அடிச்ச கம்ப்ரெசர் வேற யார் வீட்டுக்காவது வந்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.