சம்பா வயல் மூழ்கினால் எந்தச் செயற்கைக்கோளைப் பார்ப்பது?

வடகிழக்குப் பருவமழையில் காவிரி டெல்டாவில் எத்தனை ஏக்கர் மூழ்கியது என்று கணக்கெடுக்க, பலரும் முதலில் தேடுவது ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படத்தைத்தான். வண்ணப் படம், 10 மீட்டர் துல்லியம், இலவசம். ஆனால் கார்த்திகை மாதத்தில் அதைத் திறந்தால் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். வெள்ளத்துக்கு என் தேர்வு, தானே ரேடியோ அலை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படமெடுக்கும் சென்டினல்-1 ரேடார்.

இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஎஸ் இந்தப் போட்டியிலேயே இல்லை. 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் புயல் நகர்வதை விடாமல் காட்டும். அதன் வெப்ப அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது 4 கி.மீ. சதுரம், சுமார் 4,000 ஏக்கர். வயல் எங்கே தெரியும்?

சென்டினல்-2 சுற்றுவது 786 கி.மீ. உயரத்தில். பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால் அதன் சுற்றுப்பாதை நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை திரும்பிக்கொண்டே இருக்கும். அதனால் எந்த ஊரையும் காலை பத்தரை மணியை ஒட்டியே கடக்கிறது. வெயில் விழும் கோணம் அதிகம் மாறாததால், அடுத்தடுத்த படங்களை நம்பி ஒப்பிடலாம். பச்சை, அண்மை அகச்சிவப்பு (சிவப்புக்கு அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) பட்டைகளை வைத்துத் தண்ணீரைப் பிரிக்கலாம். ஆனால் மேக நிழலும் தண்ணீர் போலவே தெரியும், கவனம்.

சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.5 செ.மீ. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், படத்தில் கறுப்பாக விழும். விவி பட்டையை (செங்குத்தாக அனுப்பி, செங்குத்தாகவே வாங்கிய அலை) அளவுதிருத்தி, படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளி இரைச்சலை வடிகட்டி, டெசிபல் அளவுக்கு மாற்றுங்கள். எந்த மதிப்பில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) இரண்டு மேடுகளுக்கு நடுவே வரும் பள்ளம்தான் தண்ணீருக்கான எல்லை. பெரும்பாலும் அது மைனஸ் 15 டெசிபலுக்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையில் வரும்.

தப்பு நடப்பது இதற்குப் பிறகுதான். தாளடி நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் அதே கறுப்பு. அதனால் மழைக்கு முந்தைய படம் ஒன்று கட்டாயம் வேண்டும், அதுவும் அதே பாதையில் எடுத்ததாக. வளர்ந்த சம்பாவின் தாள் தண்ணீருக்கு மேலே நின்றால் கதை தலைகீழ்: அலை தண்ணீரில் பட்டு, தாளில் மோதித் திரும்பி வரும், வயல் பளிச்சென்று தெரியும். கறுப்பை மட்டும் எண்ணுபவர் இந்த வயலை விட்டுவிடுவார், இழப்பீட்டுக் கணக்கில் ஒரு விவசாயி விடுபடுவார். முந்தைய படத்தைவிட மிகவும் வெளுத்த வயல்களையும் தனியாகக் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். பலத்த காற்றில் அலையடிக்கும் ஏரியும் கறுப்பாக வராது. ஊருக்குள் தேங்கிய தண்ணீரையும் சுவர்களில் மோதித் திரும்பும் அலை மறைத்துவிடும்.

இன்னொரு குறை இடைவெளி. ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். சென்டினல்-1 வரிசையில் இரண்டாவதான 1பி 2021 டிசம்பரில் பழுதானது, அடுத்ததான 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில். நடுவில் வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான். மூன்று நாளில் வடிந்துவிட்ட வெள்ளம் எந்தப் படத்திலும் சிக்காமலே போகலாம்.

வானம் வெளுத்ததும் சென்டினல்-2 படத்தைத் திறங்கள். நல்ல பயிர் அண்மை அகச்சிவப்பை அதிகமாகத் திருப்பி அனுப்பும்; ரேடாரில் மூழ்கியதாகக் குறித்த வயல்களில் அது இறங்கியே இருந்தால் அங்கே பயிர் அழுகியிருக்கிறது, ஏறினால் பிழைத்துக்கொண்டது.