பெட்ஸல் ஆக்டிக் கோர்: மலையேற நல்ல விளக்கு, சைக்கிளுக்கு இது மட்டும் போதாது

ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையால் பாறையைப் பிடிக்க வேண்டும். வெள்ளியங்கிரி மாதிரி மலையில் இரவில் ஏறும்போது டார்ச்சை எந்தக் கையில் பிடிப்பது? அதற்குத்தான் நெற்றி விளக்கு. பெட்ஸல் நிறுவனத்தின் ஆக்டிக் கோர் அப்படி ஒன்று. அதன் 600 லூமன் (வெளிச்சத்தின் அளவு) மாடல் பேட்டரியோடு 88 கிராம்தான். கட்டியிருப்பதே தெரியாது.

பெட்டியில் ‘600 லூமனில் 2 மணி நேரம்’ என்றிருக்கும். அதை முழு வெளிச்சத்தில் 2 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருப்பது 1250 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 4.6 வாட்-மணி. 600 லூமனுக்கு ஏறக்குறைய 5 வாட் வேண்டும். அப்படியானால் முழு வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. டார்ச், நெற்றி விளக்குகளுக்கான எஃப்எல்1 தர அளவீட்டில், வெளிச்சம் தொடக்க அளவில் 10 சதவீதமாக இறங்கும்வரை உள்ள நேரத்தைத்தான் கணக்கிடுவார்கள். எல்லா பிராண்டுக்கும் இதே கதைதான். நடைக்கு 100 லூமன் தாராளம். அதில் இரவைக் கடத்திவிடலாம்.

இதில் மிகவும் பிடித்த விஷயம், சார்ஜ் தீர்ந்தால் அதே இடத்தில் மூன்று ட்ரிபிள் ஏ பேட்டரி போட்டுக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் அவற்றைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் ஆல்கலைன் பேட்டரி கசிந்து, தகட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, விளக்கு விட்டுவிட்டு எரியும். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்திப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். மைக்ரோ யுஎஸ்பி சார்ஜிங் ஒரு குறைதான். தனி கேபிள் சுமக்க வேண்டும். நீர்த்தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ்4 என்பதால் மழைச் சாரல் தாங்கும், தண்ணீருக்குள் விழுந்தால் உத்தரவாதம் இல்லை.

சைக்கிளுக்கு வருவோம். நெற்றி விளக்கின் ஒளி கண்ணை ஒட்டியே கிளம்புவதால், பள்ளத்தின் நிழல் கண்ணில் படாது. குழியும் சமதரையும் ஒன்றாகத் தெரியும். பனிமூட்டத்தில் எதிரே வெள்ளைத் திரை விழுந்ததுபோல் இருக்கும். எதிரே வருபவரைப் பார்த்தால் அவர் கண்ணும் கூசும். ஹேண்டில்பாரில் கட்டிய விளக்கு தாழ இருப்பதால் குழியின் விளிம்பு கறுப்பாக நிழல் காட்டும். அது அவசியம், நெற்றி விளக்கு திருப்பத்தில் எட்டிப் பார்க்கவும் பஞ்சர் ஒட்டவும் கூடுதல் துணை.

ஹேண்டில்பார் விளக்கு 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியின் நடுப்பகுதி அரை மீட்டர் உயரத்தில் விழும்படி சாய்த்து இறுக்குங்கள். மேற்பக்க ஒளியை வெட்டிவிடும் ஜெர்மன் விதிப்படி செய்த விளக்கு கிடைத்தால் அதையே வாங்கலாம். மலிவு விளக்குகளின் 18650 என்ற அளவு லித்தியம் செல்லில் ‘9900 எம்ஏஎச்’ என்று ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். அந்த அளவு செல்லில் 3500-ஐ ஒட்டித்தான் அடங்கும்.

ஆக்டிக் கோரைப் பையில் வைக்கும்முன் லாக் போட மறக்காதீர்கள். துணிகளுக்கு நடுவே பட்டன் அழுந்தி எரிந்தால், அடிவாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும்.