ஹாட்பிளேட் இல்லாத மேக்னடிக் ஸ்டிரர்: வெப்பம் அளக்கிறவர்களுக்கு நல்ல சாமான்

பீக்கருக்குள் போட்ட சின்னக் காந்தத் துண்டை (பீட்) அடியிலிருந்து காந்தத்தால் சுழற்றிக் கரைசலைக் கலக்கும் கருவிதான் மேக்னடிக் ஸ்டிரர். மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு லேப் சாமான் கடையில் ரூ.3,200-க்கு வாங்கினேன். கடைக்காரர் முதலில் ஹாட்பிளேட் வைத்ததைத்தான் எடுத்தார். வெப்பத்தை அளக்கப் போகிறேன் என்றதும், "அப்ப இது வேணாம் சார், தட்டே சூடாகும்" என்று உள்ளே போய் இதைக் கொண்டுவந்தார். விவரம் தெரிந்த மனிதர்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்னாற்பகுப்பு நடத்தும்போது குளிர் இணைவை, அதாவது சாதாரண வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் தரும் என்ற கூற்றைச் சொல்லாமல் விடமாட்டேன். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளீஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள், கனநீரில் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) பல்லேடியம் எதிர்மின்வாயை வைத்து மின்சாரம் செலுத்தினால் கணக்குக்கு மேல் வெப்பம் வருவதாக அறிவித்தார்கள். கலக்காவிட்டால் கரைசலில் இடத்துக்கு இடம் சூடு மாறி அளவு தப்பும். அதனால் கரைசலைச் சரியாகக் கலக்கினார்களா என்று கேட்டார் கால்டெக் கல்வி நிறுவனத்தின் வேதியியலாளர் நேதன் லூயிஸ்.

எங்களிடம் பல்லேடியம் ஏது? சலவைச் சோடாக் கரைசல், நிக்கல் கம்பி, தெர்மோகோல் சுற்றிய பீக்கர். தெர்மோகோலைக் கழற்றி, ஸ்டிரரை நிறுத்தி, குறைந்த மின்னோட்டத்தில் காரத்தில் ரோஸாகும் ஃபினால்ஃப்தலீன் ஒரு சொட்டு விட்டோம். ரோஸ் நிறம் எங்கும் பரவாமல் ஓரிடத்திலேயே தங்கிவிட்டது. மேலும் கீழும் வைத்த தெர்மாமீட்டர்களில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஸ்டிரரைப் போட்டதும் நிறமும் பரவியது, இரண்டு அளவும் ஒன்றாயின.

குறை ஒன்று உண்டு. நேரம் ஆக ஆக மோட்டார் சூட்டில் தட்டு வெதுவெதுப்பாகிறது. அது பீக்கரில் ஏறினால் அதுவே பொய்யான உபரி வெப்பம். மின்சாரம் விடாமல் ஸ்டிரரை மட்டும் ஓட்டிப் பார்த்து, அந்த ஏற்றத்தைக் கழித்துவிடுங்கள். அடியில் மெல்லிய தெர்மோகோல் போடலாம். தடிமன் கூடினால் காந்தப் பிடி விட்டு பீட் தத்தும்.

எந்த ஸ்டிரரும் தீர்க்காத சிக்கல் இன்னொன்று. 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் உள்ளே போவது 5 வாட். அதில் 1.48 வாட் தண்ணீரைப் பிரிக்கச் செலவாகி வாயுக்களோடு வெளியேறும், மீதி 3.52 வாட்தான் வெப்பம். வாயுக்கள் உள்ளேயே திரும்பச் சேர்ந்தால் அந்த 1.48-ம் வெப்பமாகிவிடும். கவனிக்காதவர் 40 சதவீதத்துக்கு மேல் உபரி என்று எழுதிவிடுவார்! இதைத் தவிர்க்கத்தான் எஸ்ஆர்ஐ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் குளிர் இணைவை ஆராய்ந்த மைக்கேல் மெக்குப்ரே, மூடிய கலத்துக்குள்ளேயே வாயுக்களைச் சேர்த்துவிட்டு அளந்தார். அவர் சொன்ன உபரியை லேசில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கூகுள் நிதியில் நடந்த ஆய்வு அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று 2019-ல் வெளியிட்டதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

பள்ளி லேபுக்குத் தாராளமாக வாங்கலாம். பீட் ஒன்றுதான் கூட வருகிறது. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.